வாசிக்கக் கூடாத பெயர்

திண்டுக்கல் அலுவலகத்தில் ஒரு காலத்தில் நான் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது ஓர் இளம்பெண் நிருபராக இருக்கிறார். போன மாதம் போன் செய்தார்.

"சார், ஒருத்தர் இறந்துட்டார்னு வாட்ஸ்அப்ல வருது. மத்தவங்க அஞ்சு நிமிஷத்துல போட்டுடறாங்க. உங்க காலத்துல உறுதிப்படுத்த எவ்வளவு நேரம் எடுத்துப்பீங்க?"

"ஒரு தடவை ஒன்பது மாசம் ஆச்சும்மா," என்றேன்.

சிரித்தார். நான் கேலி பேசவில்லை. அதுவும் ஓய்வு பெற்ற பிறகு, சம்பளமில்லாமல், எந்தப் பத்திரிகையிலும் வராத ஒரு செய்திக்காக. எழுதி அனுப்புகிறேன் என்று சொன்னேன். எழுதுகிறேன்.

பிழை திருத்துபவனாகச் சேர்ந்தேன். மூன்று வருடம் அடுத்தவர் எழுதியதைப் படித்த பிறகு நிருபராக்கி, சொந்த மாவட்டத்துக்கே அனுப்பினார்கள். பிறகு மதுரை, திருச்சி, கடைசியில் சென்னை. முப்பத்தாறு வருடத்தில் தொழில் என்று நான் உருப்படியாகக் கற்றது ஒரே ஒருவரிடம். அவர் எங்கள் செய்தி ஆசிரியர் ராமநாதன்.

ராமநாதன் குரலை உயர்த்த மாட்டார். மரணச் செய்தி ஏதாவது மேசைக்கு வந்தால், தாளின் ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் மூன்று சிறிய கட்டங்கள் போடுவார். பிறகு எழுதியவனைக் கூப்பிட்டு மூன்று கேள்வி கேட்பார். உடலைப் பார்த்தது யார்? பார்த்தவருக்கு ஆளை உயிரோடு இருக்கும்போது தெரியுமா? அவர் அல்லாமல் இன்னொருவர் சொன்னாரா? ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு கட்டத்தில் டிக் அடிப்பார். மூன்றும் நிரம்பாவிட்டால், "காலையில பார்ப்போம் தம்பி" என்று தாளை இழுப்பறையில் வைத்துவிடுவார். மறுநாள் வேறு பத்திரிகைகளில் அந்தச் செய்தி வந்திருக்கும். அவர் அதைப் படித்துவிட்டு அமைதியாகக் காபி குடிப்பார்.

அந்தக் கேள்விகளை அவர் ஏன் கேட்கிறார் என்பதை நான் புரிந்துகொண்டது என்னுடைய தவறு ஒன்றின் மூலம்தான்.

நான் திண்டுக்கல்லுக்கு வந்த இரண்டாவது வருடம், பழனி போகும் சாலையில் ஒரு பேருந்து கவிழ்ந்தது. இறந்தவர்களில் ஒருவருடைய சட்டைப் பையில் கூட்டுறவுச் சங்கத்துப் புத்தகம் இருந்தது. பழனிச்சாமி, கீரனூர் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. நானே என் கண்ணால் பார்த்தேன். அவசரமாகப் போனில் செய்தி சொன்னேன். அன்றைக்கு ராமநாதன் விடுப்பு. பெயர் அச்சாகிவிட்டது.

பழனிச்சாமி சாகவில்லை. அவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு போன மச்சான்தான் இறந்தவர்.

வழக்கமாக இதற்கு உள்பக்கத்தில் மூன்று வரித் திருத்தம் போடுவார்கள். ராமநாதன் மதுரையிலிருந்து பஸ் ஏறி வந்தார். "வாங்க தம்பி, கீரனூர் போவோம்" என்றார். வழியில் ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த வீட்டு வாசலில், உட்காருங்கள் என்று சொல்லும்வரை நின்றார். அவர் நின்றதால் நானும் நின்றேன். பழனிச்சாமியின் மனைவி உள்ளிருந்து வந்தார். தான் எழுதி வந்திருந்த திருத்தத்தை ராமநாதன் அவருக்கு வாசித்துக் காட்டி, "இது சரியாம்மா?" என்று கேட்டார்.

அந்த அம்மா அழவில்லை. என்னைப் பார்த்துப் பேசினார்.

"ஏனுங்க, பேப்பரைப் பாத்துப்போட்டு ரெண்டு மணி நேரம் நெஞ்சுல அடிச்சுட்டு அழுதனுங்க. அப்பறம் இவரு சந்தையில இருந்து முழுசா நடந்து வந்தாருங்க. நான் சிரிச்சுப்போட்டனுங்க. சத்தமாச் சிரிச்சனுங்க. அப்பறந்தான், அந்தச் சட்டையைப் போட்டுட்டுப் போனது எங்கண்ணன்னு நெனப்பு வந்துச்சு. எங்கண்ணன் செத்ததுக்கு மொதல்ல சிரிச்சவ நானுங்க. அந்தச் சிரிப்புக்கு என்னங்க திருத்தம் போடுவீங்க?"

ராமநாதன் திருத்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். திரும்பும்போது பேருந்தில் ஒன்று மட்டும் சொன்னார். "நீங்க பார்த்தது ஆளை இல்ல தம்பி. சட்டையை." மறுநாள், தவறு வந்த அதே பக்கத்தில், அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் வந்தது. அதன் பிறகு என் தாள்களில் மூன்று கட்டங்களை நானே போட ஆரம்பித்தேன்.

நான் ஓய்வு பெற்ற நான்காம் மாதம் என் மனைவி செலின் இறந்தாள். சென்னையில், ஒரு மருத்துவமனையில், பகல் பதினொன்றரை மணிக்கு. உடலைப் பார்த்தது நான். எனக்கு ஆளைத் தெரியும், முப்பத்தோரு வருடமாக. மருத்துவர் தனியாக வந்து சொன்னார். மூன்று கட்டமும் நிரம்பியிருந்தன. அலுவலகத்தில் நான்கு வரி கேட்டார்கள். ஆயிரக்கணக்கில் இரங்கல் செய்தி எழுதிய கை அன்றைக்கு ஒரு வரி எழுதவில்லை. அடக்கத்துக்குப் பிறகு ஞாயிறு பூசைக்குக் கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன். போகக்கூடாது என்று முடிவெடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தது, நான் எழுந்திருக்கவில்லை. அடுத்த ஞாயிறும் அப்படியே.

அந்த வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. அய்யலூரைத் தாண்டி இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து, பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தேன். மெஸ்ஸிலிருந்து எடுப்புச் சாப்பாடு வரும். தூக்குவாளியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் சாப்பிடுவேன். ஊரில் பாதிப்பேர் கிறிஸ்தவர்கள், பாதிப்பேர் இந்துக்கள். எல்லாருக்கும் பூந்தோட்டம், வெங்காயம், ஆடு. யாரும் என்னை விசாரித்துத் தொந்தரவு செய்யவில்லை. வந்ததில் எனக்குப் பிடித்தது அதுதான்.

அக்டோபர் மாதக் கடைசியில், எங்கள் கோயில் பாதிரியாரான பங்குச் சாமியார் வந்தார். முப்பது வயதுக்காரர். கையில் ஒரு பிஸ்கட் டப்பா.

"ஐயா பேப்பர்ல இருந்தவரு. இதைக் கொஞ்சம் சரிபார்த்துக் குடுக்கணும்," என்றார்.

டப்பாவில் துண்டுச் சீட்டுகள். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அன்று மாலை கல்லறைத் தோட்டத்தில் பூசை நடக்கும். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயரைச் சீட்டில் எழுதிப் போடுவார்கள். சாமியார் அவற்றை வாசித்து ஜெபிப்பார். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். இரண்டு மகன்களும் ஒரே அப்பாவின் பெயரைப் போட்டிருப்பார்கள். ஒரு ஆளை இரண்டு முறை வாசித்தால் கல்லறைத் தோட்டத்திலேயே சிரிப்பு வந்துவிடும் என்றார் சாமியார்.

எடிட்டிங் வேலை. மறுக்கக் காரணம் இல்லை. வாங்கிக்கொண்டேன். தெரு வாரியாகப் பிரித்து அடுக்கினேன். தெற்குத் தெருக் கட்டில் இரண்டு சீட்டுகள் என்னை நிறுத்தின.

ஒன்றில், 'அந்தோணிராஜ், த/பெ மரியதாஸ்' என்று இருந்தது. கீழே கொடுத்தவர் பெயர், பீட்டர். அந்தோணிராஜின் அண்ணன். மற்றதில் நடுங்கும் கையெழுத்தில் ஒரே வாக்கியம். 'என் மகன் அந்தோணிராஜ் பேரை வாசிக்கக் கூடாது. சவேரியம்மாள்.'

சாமியாரிடம் காட்டினேன். அவர் சங்கடமாகச் சிரித்தார். "ஆறு வருசமா ரெண்டு சீட்டும் வருதாம் ஐயா. எனக்கு முந்தி இருந்த சாமியார் சொல்லிட்டுப் போனாரு. வாசிச்சுருவோம். பேரு வந்ததும் அந்த அம்மா மெழுகுவத்தியை அணைச்சுட்டுக் கெளம்பிப் போயிரும். பாவம், மனசு ஒத்துக்கலை."

நான் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் மூன்று கட்டம் போட்டேன். பழக்கம்.

சவேரியம்மாளுக்கு எழுபது வயதிருக்கும். எனக்கு அக்கா முறை. அரை ஏக்கர் செவ்வந்தித் தோட்டம். நான் போனபோது பூக்கூடையை இறக்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் அலமாரியில் ஒரு அந்தோணியார் சுரூபம், முகம் சுவரைப் பார்க்க, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

"என்னக்கா, புனிதரைத் திருப்பி வச்சிருக்க?"

"பெறகு? காணாமப் போனதைக் கண்டுபிடிச்சுக் குடுக்குறதுதான அவரு வேலை? ஒரு மூக்குத்தி காணோம்னா அரை மணி நேரத்துல காட்டிக் குடுத்தவரு, எம்புள்ளைய மட்டும் ஏழு வருசமாத் தேடிக்கிட்டே இருக்காரு. அதுவும் அவரு பேரையே வச்ச புள்ள. வேலையச் செய்யிற வரைக்கும் எம்மூஞ்சில முழிக்கக் கூடாதுன்டேன்."

"கோயிலுக்குப் போறதில்லையா?"

"போறேன், போறேன். சண்டை அவருக்கும் எனக்குந்தான். ஆண்டவருக்கு என்னா?"

அவர் சொன்னதையும், பிறகு பீட்டர் சொன்னதையும் சேர்த்து எழுதினால் இதுதான் செய்தி. அந்தோணிராஜ் போர்வெல் லாரியில் வடக்கே வேலைக்குப் போனவன். அங்கே கடும் காய்ச்சல் வந்து புத்தி தடுமாறியது. உடன் வேலை பார்த்த ஒருவன் அவனை ஊருக்கு ரயிலேற்றிக் கூட்டி வந்தான். வழியில் ஒரு பெரிய நிலையத்தில் கண் அசந்த நேரத்தில் ஆள் இறங்கிவிட்டான். பத்து நாள் கழித்து, தண்டவாளத்தில் ஓர் உடல் கிடந்தது, பக்கத்தில் ஒரு பை இருந்தது என்று தகவல் வந்தது. உடன் வேலை பார்த்தவன் போய்ப் பையை அடையாளம் காட்டினான். நீலப் பை. உள்ளே அந்தோணிராஜின் ஆதார் ஜெராக்ஸ்.

"உடலையும் அவன் பார்த்தானா?" என்று பீட்டரிடம் கேட்டேன்.

"அவன் போறதுக்குள்ள பொதச்சுட்டாங்க மாமா."

வீட்டுக்கு வந்து தாளை எடுத்தேன். உடலைப் பார்த்தவர்களுக்கு ஆளைத் தெரியாது. ஆளைத் தெரிந்தவன் உடலைப் பார்க்கவில்லை. நடுவில் ஒரு பை. கீரனூரில் கைமாறியது சட்டை; பையும் கைமாறும்.

பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தேன். 'உறுதி செய்யப்படவில்லை' என்று சாமியாரிடம் சொன்னேன். அந்த வருடம் அது வாசிக்கப்படவில்லை. சவேரியம்மாள் கடைசிவரை தன் கணவருடைய கல்லறைக்குப் பக்கத்தில் நின்றதை, சாலையில் நின்று நான் பார்த்தேன். உள்ளே போகவில்லை. செலினுக்கும் சீட்டு எழுதவில்லை.

மறுநாள் காலையிலேயே பீட்டர் வந்தான். உட்காரவில்லை.

"மாமா, நீங்க படிச்சவரு. எங்கம்மாவுக்கு ஆசை காட்டாதீங்க. ஏழு வருசமாத் தெனம் ஒரு தட்டு சோறு எடுத்து வைக்குது. இப்பத்தான் கொஞ்சம் கொறச்சிருந்துச்சு. நேத்து ராத்திரி மறுபடி தட்டு வச்சிருச்சு. நாளைக்கு இல்லேன்டு ஆனா, எங்கம்மாவை யாரு தூக்கி நிறுத்துறது? நீங்களா?"

நியாயமான கேள்வி. பீட்டர் தம்பியின் மேல் பாசம் இல்லாமல் அந்தச் சீட்டை எழுதவில்லை. அவன் ஆன்மா இளைப்பாற வேண்டும் என்றுதான் வருடா வருடம் எழுதினான். என்னிடமே இன்னொரு கேள்வி இருந்தது. ஒரு மரணத்தை ஏற்கமுடியாத ஆள், இன்னொரு மரணத்தையும் இல்லை என்கிறானோ?

இருந்தாலும் கட்டம் காலியாகத்தான் இருந்தது.

வேலையை ஆரம்பித்தேன். ஒரு செய்தி நிறுவனத்தில் வட மாநிலங்களில் வேலை பார்த்த பழைய நண்பர் ஒருவர் இருந்தார். அவர் மூலம் அந்த ரயில் பாதையில் இருக்கும் ஊர்களில் ஆதரவற்ற மனநோயாளிகளை வைத்துப் பராமரிக்கும் இல்லங்களைப் பட்டியல் எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் படம், உயரம், இடது புருவத் தழும்பு, காணாமல் போன நிலையம். பதில் வராத இடத்துக்கு மறுபடி போன். கிடைத்த பதிலைத் தேதியோடு நோட்டில் குறித்தேன். இல்லை, இல்லை, பதிவேடு பழையது, அடுத்த வாரம். செவ்வாய்க்கிழமைகளில் போன் செய்வேன். மற்ற நாளில் பெரும்பாலான இல்லங்களில் பேச ஆள் கிடைக்கவில்லை. சவேரியம்மாள் வேறு மாதிரி புரிந்துகொண்டார்.

"செவ்வாய் அந்தோணியாருக்கு உகந்த கெழமைன்டு தம்பிக்கும் தெரிஞ்சிருக்கு பாரேன்."

நான் மறுக்கவில்லை.

ஆடி மாதத்தில் ஒரு கேரளத்துச் சகோதரியிடமிருந்து செய்தி வந்தது. தன் இல்லத்தில் ஒருவர் ஆறு வருடத்துக்கு மேலாக இருக்கிறார், வாய் பேசுவதே இல்லை, அதனால் என்ன மொழி என்றுகூடத் தெரியாது, புருவத்தில் தழும்பு உண்டு என்று எழுதியிருந்தார். படமும் அனுப்பினார். தாடி, நரை, ஒட்டிய கன்னம். பீட்டர் பார்த்துவிட்டு, "இவன் இல்ல மாமா. எந்தம்பி இம்புட்டுக் கெழடு இல்ல," என்றான். தழும்பு ஆயிரம் பேருக்கு இருக்கும். இறந்தார் என்பதற்கு மூன்று கட்டம் என்றால், இருக்கிறார் என்பதற்கும் மூன்று கட்டம்தான். பார்த்தது சகோதரி. அவருக்கு ஆளைத் தெரியாது. இரண்டாவது கட்டத்தை நிரப்பக்கூடியவர் ஒருவர்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு சவேரியம்மாள் வீட்டில் வீடியோ அழைப்பு. என் போனை ஒரு பூக்கூடையில் சாய்த்து வைத்தேன். பீட்டர் வாசற்படியில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றான். திரையில் அந்த ஆள் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சகோதரி தோளைத் தொட்டு நிமிர்த்தினார்.

சவேரியம்மாள் வெகுநேரம் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன். அதட்டினார்.

"ஏலே ராசு, சாப்டியாலே?"

திரையில் அசைவில்லை. சகோதரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"உன்னையத்தான்டா கேக்குறேன். சாப்டியா?"

அந்த ஆள் தலையைத் தூக்கினார். உதடு இரண்டு மூன்று முறை அசைந்து, சத்தம் பிறகு வந்தது.

"வெஞ்சனம் என்னா?"

சகோதரி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். ஆறு வருடத்தில் அவர் கேட்ட முதல் சொல். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள என்ன என்று அவன் கேட்கிறான் என்பது அவருக்குத் தெரியாது.

"கத்திரிக்காயும் கருவாடும்டா," என்றார் சவேரியம்மாள், நேற்றும் பேசியவர் போல. "நீ வா, ஆக்கி வைக்கிறேன்."

பீட்டர் திரும்பி ஓடி வந்து போனுக்கு முன்னால் உட்கார்ந்தான். திரையில் இருந்தவன் அவனை உற்றுப் பார்த்துச் சொன்னான். "பீட்டரு, மாட்டை அவுத்துக் கட்டுனியா?"

மூன்றாவது கட்டம்.

பீட்டர் தரையில் முகத்தை வைத்து அழுதான். சவேரியம்மாள் எழுந்து போய், அலமாரியில் இருந்த சுரூபத்தை முன்பக்கம் திருப்பி வைத்தார். முந்தானையால் முகத்துத் தூசியைத் துடைத்தார். "சரி, போ. இம்புட்டு நேரம் எடுத்துக்கிட்டதுக்கு உனக்கு ஒரு மெழுகுவத்திதான்," என்றார்.

நான் அங்கிருந்து நேராகக் கோயிலுக்கு நடந்தேன். பகலில் அங்கே யாருமில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். செலினை அடக்கம் செய்த பிறகு முதல் முறை. ஜெபம் எதுவும் வரவில்லை. நன்றி என்ற ஒரு சொல் வந்தது. தொழில் பழக்கம் விடவில்லை, அதற்கும் கட்டம் போட்டேன். கடவுளைப் பார்த்தது யார்? சவேரியம்மாள். அவருக்கு ஆளைத் தெரியுமா? ஏழு வருடம் அவருடைய புனிதரோடு சண்டை போடும் அளவுக்குத் தெரியும். அவர் அல்லாமல் இன்னொருவர் சொல்வாரா? அந்த இன்னொருவர் நான்தான் என்று புரிந்தது.

பஞ்சாயத்துக் கடிதம், சாமியாரின் கடிதம், தாயின் ஆதார் என்று இல்லத்தில் கேட்டதையெல்லாம் சேர்த்துக்கொண்டு நானும் பீட்டரும் ரயிலேறினோம். மருத்துவச் சான்றும் இரண்டு மாத மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள்; திரும்பும்போது அந்தோணிராஜ் எங்களோடு வந்தான். வழி முழுக்க நான் கண் அசரவில்லை. பீட்டர் தம்பியின் சட்டை நுனியைத் தன் விரலில் சுற்றிக்கொண்டே தூங்கினான்.

திண்டுக்கல்லில் இறங்கி வேன் பிடித்தோம். வியாழக்கிழமை. அய்யலூர் ஆட்டுச்சந்தை. சாலை முழுக்க ஆடு. வேன் நகரவில்லை. அந்தோணிராஜ் கதவைத் திறந்து இறங்கிவிட்டான். பீட்டர் பதறிக்கொண்டு பின்னால் ஓடினான். அவன் எங்கும் போகவில்லை. கட்டியிருந்த ஒரு கிடாயின் வாயைப் பிளந்து, வயதை அறியப் பல் எண்ணிக்கொண்டிருந்தான்.

"நாலு பல்லு," என்றான்.

வியாபாரி கோபப்பட்டார். "யாருய்யா நீ? ரெண்டு பல்லுக் கெடாயை நாலுங்கிற? காலங்காத்தால எங்கிருந்து வார?"

"செத்துப்போய் வாராரு!" என்றான் பீட்டர். அவன் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். "செத்துப்போய்த் திரும்பி வந்தும் பல்லு எண்ணுறதை மறக்கலைய்யா, பாருங்க!" வியாபாரிக்கு ஒன்றும் புரியவில்லை. மறுபடி கிடாயின் வாயைத் திறந்து தானே எண்ணிப் பார்த்தார். நாலுதான்.

ஊர் எல்லையில், திருவிழாவுக்கு வாசிக்கும் பேண்டு செட்டு காத்திருந்தது. யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. இந்துத் தெருவும் கிறிஸ்தவத் தெருவும் ஒன்றாக வெடி போட்டன. கோயில் மணி கால் மணி நேரம் அடித்தது. சவேரியம்மாள் மட்டும் வெளியே வரவில்லை. அடுப்பில் கருவாடு இருந்தது.

இந்த நவம்பர் இரண்டாம் தேதிப் பட்டியலையும் நான்தான் தயாரித்தேன். பிஸ்கட் டப்பாவில் பீட்டரின் சீட்டு இல்லை. சவேரியம்மாளின் சீட்டும் இல்லை. கடைசிச் சீட்டை என் கையாலேயே எழுதிப் போட்டேன். அதற்கு நான்கு வரி தேவைப்படவில்லை.

சாமியார் என்னையே வாசிக்கச் சொன்னார். மாலை நான்கு மணி, நல்ல வெயில், கல்லறையெல்லாம் சுண்ணாம்பும் செவ்வந்தியும். தெரு தெருவாக வாசித்தேன். தெற்குத் தெரு வந்தது. மரியதாஸ் என்று வாசித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனேன். மரியதாஸ் கல்லறையில் அந்தோணிராஜ் உட்கார்ந்து, அம்மா ஏற்றிய மெழுகுவத்தி அணையாமல் காற்றுக்குக் கையைக் குவித்திருந்தான்.

கடைசிப் பெயரை வாசித்தேன். செலின். ஊர் முழுக்க ஆமென் சொன்னது கேட்டது.

தாளை மடித்தேன். சவேரியம்மாள் பூக்கூடையோடு வந்தார்.

"செலினா பேரு? ஒரு வருசமா எங்கிட்டச் சொல்லலையே தம்பி," என்றார். "கல்லறை வேற ஊருல இருந்தா நடுச் சிலுவையடியில ஏத்துவோம். வா."

பெரிய சிலுவையின் அடியில், வேறு ஊர்களில் புதைந்தவர்களுக்காக ஏற்றியவை ஏற்கெனவே நிறைய எரிந்துகொண்டிருந்தன. அந்தோணிராஜ் தன் மெழுகுவத்தியிலிருந்து ஒன்றைப் பற்றவைத்து என் கையில் கொடுத்தான். நட்டு வைத்தேன். சவேரியம்மாள் கூடையிலிருந்த மிச்சப் பூவை மொத்தமாக அதைச் சுற்றிக் கொட்டினார்.

"ஐயா, வீட்டுக்கு வாங்க, சாப்புடலாம்," என்றான் அந்தோணிராஜ்.

ஊருக்கு வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அன்றைக்குத்தான் எனக்கு அந்தக் கேள்வி கேட்கத் தோன்றியது.

"வெஞ்சனம் என்ன?" என்றேன்.